ஃபோர் வீல் போட்டால் 'டக் டக்' என்று அடிக்கிறது. ட்ரான்ஸ்பர் கேஸ் மாற்றத்தான் வேண்டுமா?

கேட்டவர் ஒட்டுசுட்டான் பக்கம். பழைய ஹைலக்ஸ் டபுள் கப் (பிக்கப்) வைத்திருக்கிறார். வயலுக்குள்ளால் 4எச்-இல் (நாலு சில்லும் இழுக்கும் நிலை) வந்து தார் றோட்டில் ஏறித் திரும்பினால் கீழே 'டக் டக்' என்று அடிக்கிறதாம். லீவரும் 2எச்-க்கு (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) வர மறுக்கிறதாம். கராஜில் ட்ரான்ஸ்பர் கேஸ் (எஞ்சின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று போடவேண்டும் என்கிறார்களாம்.

காசைக் கொடுக்க முன்னம் கொஞ்சம் பொறுங்கள். நான் கிளிநொச்சியில் இந்த வேலைதான் செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது பழுதே இல்லாமலும் இருக்கலாம்.

உங்கள் வண்டி பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது தேவைப்படும்போது மட்டும் போடுவது. நடுவில் டிஃபரன்சியல் (வேக வித்தியாசத்துக்கு இடம்விடும் கியர் தொகுதி) கிடையாது. 4எச் போட்டவுடன் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். ஆனால் வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். சேற்றிலும் கிறவலிலும் ஏதாவது ஒரு சில்லு வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் டயர் வழுக்காது. முறுக்கு முழுவதும் ஷாஃப்டில் ஏறி நிற்கும், பிறகு டயர் தேய்ந்து இடம்விடும்போது 'டக்' என்று விடுபடும். பற்கள் இறுகி நிற்பதால்தான் லீவரும் வருவதில்லை.

ஒட்டுசுட்டான் உள் றோட்டால் வந்து ஏ34-இல் (மாங்குளம்–முல்லைத்தீவு றோட்டு) ஏறுபவர்கள் 4எச்-ஐ எடுக்க மறந்து அப்படியே மாங்குளம் வரை ஓடுவார்கள். அடுத்த முறை அப்படிப் பிடித்தால் லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸில் போய்விட்டு இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால், சத்தமும் தாரில் மட்டும்தான் என்றால், உங்கள் ட்ரான்ஸ்பர் கேஸில் குறை இல்லை.

நேரான றோட்டிலும் இறுகுகிறதா? அப்படியென்றால் டயரைப் பாருங்கள். முன்னுக்குப் புதுசு, பின்னுக்குத் தேய்ந்தது என்று ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். காற்றைச் சமமாக அடித்துவிட்டு, முன் சில்லிலும் பின் சில்லிலும் நிலத்தைத் தொடும் இடத்தில் சோக்கால் கோடு போடுங்கள். 2எச்-இல் வைத்து, பின் சில்லு பத்துச் சுற்று வரும்வரை மெதுவாக நேரே உருட்டுங்கள். முன் கோடும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கவேண்டும். தள்ளி நின்றால் டயர்தான் காரணம்.

(பஜெரோவில் சூப்பர் செலக்ட் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அதில் நடு டிஃபரன்சியல் இருப்பதால் 4எச்-இல் தாரில் ஓடலாம். 4எச்எல்சி போட்டால்தான் பூட்டு. டிஃபெண்டர் எப்போதும் ஃபோர் வீல்தான், அதில் டிஃப் லொக்கைத்தான் தாரில் எடுத்துவிட வேண்டும்.)

இத்தனைக்கும் பிறகு சேற்றிலும் சத்தம் வந்தால் வண்டிக்குக் கீழே படுக்கத்தான் வேண்டும். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கேஸிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு) இரண்டு முனைகளிலும் உள்ள மூட்டை, அதாவது யூனிவர்சல் ஜொயின்டை, இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக்கூடாது. ஜொயின்டின் தொப்பிகளைச் சுற்றிச் சிவப்பாகத் தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வன்னியில் எல்லா வண்டியின் அடியும் சிவப்புத்தான் என்பதால் இதைச் செம்மண் என்று விட்டுவிடுவார்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தார் றோட்டில் ஒரு ஓட்டம் போய்வந்து திரும்பப் பாருங்கள். மண் இல்லாத றோட்டில் போயும் தொப்பியின் விளிம்பிலிருந்து கதிர்போல் மாவாகச் சிவப்பு வந்திருந்தால் அது துரு. உள்ளே ஊசி பெயாரிங் கிறீஸ் இல்லாமல் காய்ந்து அரைபடுகிறது. கியரை முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது வரும் ஒற்றை 'டங்'குக்குப் பலவேளை இதுதான் காரணம். ஜொயின்டின் விலையையும் ட்ரான்ஸ்பர் கேஸின் விலையையும் நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நல்ல மெக்கானிக் ஸ்பனரைத் தொட முன்னம் செய்வது இதைத்தான். ஓடும்போது நியூட்ரலில் விட்டும் ஊளை நிற்காமல் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது கியர் பொக்ஸுக்குப் பின்னால் உள்ள ஒன்று. முழுதாக ஸ்டீயரிங்கை ஒடித்தால் மட்டும் 'கடகட' என்றால் முன் சிவி ஜொயின்ட் (முன் சில்லு திரும்பும்போதும் அதைச் சுற்றவைக்கும் மூட்டு). 4எல்-இல் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓடும் நிலை) மட்டும் ஊளை என்றால் கேஸுக்குள் வேகம் குறைக்கும் கியர்கள். செயின் உள்ள கேஸில், சேற்றில் ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே அக்சிலரேட்டரை மிதித்தால் பல் தாண்டுவதுபோல் அடித்து வண்டி குலுங்கினால் செயின் இழுபட்டுவிட்டது. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டுக்கும்தான் கேஸைக் கழற்றவேண்டும்.

முன் சில்லில் கையால் பூட்டும் ஹப் (சில்லை முன் அச்சோடு சேர்க்கும் பூட்டு) இருந்தால் இன்னொரு சோதனையும் இருக்கிறது. 2எச்-இலேயே வைத்து ஹப் இரண்டையும் பூட்டிவிட்டு ஓடுங்கள். முன் அச்சும் டிஃபரன்சியலும் முன் ஷாஃப்டும் சும்மா சுற்றும். இல்லாத சத்தம் அப்போது வந்தால் முன்பக்கத்தைத் தேடுங்கள்.

சத்தம் இல்லை, ஆனால் ஃபோர் வீலே பிடிக்கவில்லை என்று வருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, 4எச் போட்டு, ஒரு முன் சில்லை மட்டும் ஜக்கில் தூக்குங்கள். முன் ஷாஃப்டைக் கையால் திருப்பினாலும் அசையவில்லை, சில்லு மட்டும் கையால் சுற்றுகிறது என்றால் கேஸ் தன் வேலையைச் செய்கிறது. ஹப்பிலோ முன் அச்சைப் பூட்டும் பொறியிலோதான் கோளாறு. வெக்குயூமால் பூட்டும் வண்டிகளில் குழாயை எலி கடித்திருந்தாலும் இதே கதைதான்.

கேஸிலும் டிஃபரன்சியலிலும் உள்ள ஓயிலைக் கட்டாயம் பாருங்கள். வடிக்கும் நட்டைக் கழற்ற முன்னம் ஊற்றும் நட்டைக் கழற்றுங்கள். அது இறுகிப்போய் வராவிட்டால் வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். காந்தத்தில் கருமையாக மாவுபோல இருந்தால் சரி, தகடு தகடாக இருந்தால் உள்ளே பல் போகிறது. பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு இப்படி எத்தனையோ வண்டிகள் வந்தன. சூடான டிஃபரன்சியல் சட்டென்று தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்கும். மேலே உள்ள மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். மாரிக்கு முன்னம் அந்தக் குழாயைத் துப்புரவாக்குங்கள். கேஸுக்குப் புது ஓயில் கியர் ஓயிலா ஏடிஎஃப்பா (ஓட்டோ கியருக்கு ஊற்றும் ஓயில்) என்பதை உங்கள் கேஸுக்குரிய கைநூலைப் பார்த்தே ஊற்றுங்கள்.

எல்லாம் பார்த்தும் கேஸ்தான் என்று தெரிந்தால் மாற்றுங்கள். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளையே இழுத்து ஓடினோம், அதனால் சந்தையில் உள்ள ரீகண்டிஷன் கேஸ்களும் நன்றாக அடிபட்டவையாக இருக்கலாம். வாங்க முன்னம் கையால் சுற்றி ஒவ்வொரு நிலையிலும் லீவரைப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்டின் பல் எண்ணிக்கையையும் ஸ்பீடோ மீட்டர் பொருந்தும் இடத்தையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். பழைய கேஸைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், வடித்த ஓயிலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.