பாரிஸ் நகரச் சின்னத்தில் இருக்கும் கப்பல் காலனி ஆதிக்கத்தின் அடையாளமா?

இல்லை. நீங்கள் இந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். கடலே இல்லாத ஊரில் கப்பலைக் கண்டால் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதனால் என் மகள் அழுதாள்.

நான் 14 ஆண்டுகள் இங்கே ஒரு பள்ளியில் துப்புரவு வேலை பார்த்தேன். வாசலுக்கு மேலே கல்லில் அந்தச் சின்னம். எட்டு வயதில் மகள் அதை வீட்டுப்பாடமாக வரைந்தபோது, “நம் ஊர்களைப் பிடிக்க வந்த கப்பல்” என்றேன். அவள் வகுப்பில் அதையே சொன்னாள். எல்லோர் முன்னாலும் ஆசிரியை திருத்தினார். அன்றிரவே நூலகப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அது ஆற்றுக் கப்பல். 12ஆம் நூற்றாண்டிலேயே சேன் ஆற்றின் சரக்குப் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்த வணிகர் சங்கத்தின் முத்திரை. நகர நிர்வாகமே அந்தச் சங்கத்திலிருந்துதான் வளர்ந்தது. மேலே நீலப் பட்டையில் இருக்கும் பொன் லில்லிகள் மன்னருடையவை. நெப்போலியன் 1811இல் அந்த இடத்தில் தன் சின்னமான தேனீக்களை வைத்தார். அவர் வீழ்ந்தபின் லில்லிகள் திரும்பிவிட்டன. உச்சியில் மதில் வடிவக் கிரீடம், இது நகரம் என்பதற்காக. சின்னத்தோடு வரும் இலத்தீன் வாசகத்துக்கு ‘அலைகளில் ஆடும், மூழ்காது’ என்று பொருள். அது அதிகாரபூர்வமானது 1853இல், பாரிஸை இடித்துப் புதிதாகக் கட்டிய நிர்வாகி ஓஸ்மான் காலத்தில். 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் இங்குள்ள ரெபுப்ளிக் சதுக்கத்தில் அதைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

பிரான்சுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் வர வேண்டாம். அதன் காலனி வரலாற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பழியை ஆற்று வணிகர்களின் கப்பல்மேல் ஏற்றுவது தவறு.

அடையாளம் என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நான் வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். மூன்று முறை விண்ணப்பித்தும் மாறவில்லை. வங்கியிலும் மருத்துவமனையிலும் இன்றுவரை அப்பாவின் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் எழுந்து, “நான்தான்” என்கிறேன்.