வட சென்னை நிழல் வாசலில் ஹைட்ரேஞ்சியா பூக்குமா?

ஊட்டியில் பார்த்த நீலக்கொத்து ஹைட்ரேஞ்சியாவை, காலையில் 2 மணி நேரம் மட்டும் வெயில் படும் தண்டையார்பேட்டை வாசலில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நிழல் அதற்குப் பிடிக்கும். குளிர் இல்லாததுதான் சிக்கல். மொட்டு உருவாக சுமார் 6 வாரம் 18 டிகிரிக்குக் கீழான இரவுகள் வேண்டும். இங்கே ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நர்சரியில் பூவோடு வாங்கினாலும், அந்தக் கொத்து வாடியபின் இலை மட்டும்தான் மிஞ்சும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் நிலைக்காது: இலை ஓரம் தீயும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளாகும்.

அந்த இடத்துக்குக் கனகாம்பரம் வையுங்கள், மனசு நிறையப் பூக்கும். 12 அங்குலத் தொட்டியில் செம்மண் 2 பங்கு, மக்கிய எரு 1, மணல் 1, கூடவே இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. புண்ணாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரி வேரைத் தாக்கும் நூற்புழு. தண்ணீர் சரியாக விட்டும் செடி குன்றி வெளிறினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்தோ முடிச்சு விழுந்தோ இருந்தால் அந்த மண்ணில் மறுபடி கனகாம்பரம் நடக்கூடாது. மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ ஊற்றுங்கள். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும்.