போலீஸ் இருக்கும்போது இந்த ஆள் எதற்கு?

கேள்வி: நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியை. முதல் முயற்சியாக ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேதியியல் ஆய்வக உதவியாளர் ஒருவர் கல்லூரி வளாகத்துக் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறார். கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்கிறது நிர்வாகம். சென்னையிலிருந்து ஒரு தனியார் துப்பறிவாளர் வந்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார். 180 பக்கம் முடித்துவிட்டேன், வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்த்த என் தம்பி, "போலீஸ் இருக்கும்போது இந்த ஆள் எதற்கு? இவருக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டதில் அப்படியே நின்றுவிட்டது. சட்டப்படி இவர் என்னென்ன செய்யலாம்? கல்லூரிக்குள் எப்படி நுழைவார்? உண்மையான கல்லூரியின் பெயரைப் போடலாமா?

பதில்: தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கிரிமினல் கோர்ட்டில் பல வருடம் நின்றவன் என்ற முறையிலும், கண்ணில் படும் துப்பறியும் கதையையெல்லாம் படித்துத் தொலைக்கிறவன் என்ற முறையிலும் சொல்கிறேன், அவர் கேட்டதுதான் உங்கள் நாவலின் மையமே.

அதிகாரம் என்று பார்த்தால் அவருக்கு ஒன்றுமே கிடையாது. தனியார் துப்பறிவாளர்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம் வாட்ச்மேன், செக்யூரிட்டி ஆட்களுக்கானது, துப்பறிவாளருக்கானது அல்ல. ஆக, உங்கள் கதாநாயகர் எட்டாம் பக்கத்தில் 'அரசு உரிமம் பெற்ற துப்பறிவாளர்' என்று ஒரு கார்டை நீட்டுகிறாரே, அதை முதலில் அடித்துவிடுங்கள். விசிட்டிங் கார்டு அச்சடித்த ஒரு சாதாரண மனிதர் அவர். உங்களுக்கும் எனக்கும் என்ன உரிமையோ அதுதான் அவருக்கும்.

இதைக் குறையாக நினைத்துத்தான் நிறையப் பேர் கதையைக் கெடுக்கிறார்கள். துப்பறிவாளருக்கு ஒரு துப்பாக்கி, கமிஷனர் ஆபீசில் ஒரு நண்பர், செல்போன் கம்பெனியில் ஒரு மச்சான் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். உங்கள் கதையிலும் அந்த மச்சான் இருக்கிறார். ஒரே போனில் ஆறு மாத அழைப்புப் பட்டியல் வந்துவிடுகிறது. போலீஸ் எழுத்துமூலம் கேட்டு வாங்க வேண்டிய ஆவணம் அது. இப்படிக் காசு கொடுத்து வாங்கி விற்றதாக 2018இல் தாணே போலீஸ் தனியார் துப்பறிவாளர்களையே கைது செய்தது. உங்கள் ஆள் அதைச் செய்தால் 60ஆம் பக்கத்தில் உள்ளே போக வேண்டியவர். போகட்டும் என்றால் அதுவும் நல்ல கதைதான். ஆனால் செய்துவிட்டு 61ஆம் பக்கத்தில் சாவகாசமாகச் சாயா குடிக்கக் கூடாது. பெண்கள் விடுதிக்குள் இரவில் ஏறிக் குதிக்கும் காட்சிக்கும் இதே பதில்தான். போலீஸ் என்று பொய் சொல்லி வாட்ச்மேனை மிரட்டுகிறாரே, அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவு. குறைந்தது ஆறு மாதம், கூடினால் மூன்று வருடம்.

சரி, அதிகாரம் இல்லாத ஒருவரை யார் கூப்பிடுவார்கள்? உங்கள் வரைவில் இதற்குப் பதிலே இல்லை. அவர் பாட்டுக்கு வருகிறார். நான் எழுதினால் முதல் அத்தியாயத்தையே இதில்தான் வைப்பேன்.

நிர்வாகம் கூப்பிட்டால் கல்லூரி முழுக்க அவருக்குத் திறந்திருக்கும். சிசிடிவி பதிவு கல்லூரியின் சொத்து, காட்டலாம். ஆய்வக ஸ்டாக் ரிஜிஸ்டர், வருகைப் பதிவேடு, கேட் ரிஜிஸ்டர் எல்லாம் மேஜைக்கு வரும். ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை கைக்கு வராது. அதோடு, அவர் எழுதும் அறிக்கை தாளாளரின் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்படும். இறந்தவரின் மனைவி கூப்பிட்டால் தலைகீழ். மருத்துவ அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த பொருட்கள், வீட்டில் கிடக்கிற பழைய டைரி, அவர் வாங்கிய கடன் எல்லாம் தெரியவரும். கல்லூரி கேட்டைத் தாண்ட முடியாது. வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, ஏத்தங்காய் அப்பம் தின்னவரும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நிர்வாகம் கூப்பிடட்டும், மனைவி பாதியில் வந்து வழிமறிக்கட்டும். யாரிடம் காசு வாங்கினோம், யாருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற இழுபறி உங்கள் ஆளுக்கு ஒரு முகத்தைக் கொடுக்கும். இப்போது அவருக்கு இருப்பதெல்லாம் ஒரு கூலிங் கிளாஸ் மட்டும்தான்.

போலீஸ் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிணற்றில் பிணம் என்றதும் யாரும் கொலை வழக்குப் போட மாட்டார்கள். சந்தேக மரணம் என்று பதிவாகும். இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 ஆகிவிட்டது. கொலைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த 302 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. உங்கள் கதை 2019இல் நடக்கிறது என்றால் பழைய எண்களைப் போடுங்கள். 2025 என்றால் புதியது. வரைவில் இரண்டும் கலந்து கிடக்கிறது, ஒரே இன்ஸ்பெக்டர் வாயில்.

உடல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகும். பிணம் இரவு எட்டு மணிக்குக் கிடைத்து ஒன்பதரைக்கே டாக்டர் முடிவு சொல்லிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பர் 15 முதல் மத்திய அரசு அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேகத்துக்கிடமான சாவு ஆகியவற்றை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய, இரவில் எடுக்கக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. ஆகவே விடியும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளுறுப்பு மாதிரி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு ஆகும். இதெல்லாம் நாவலாசிரியருக்கு இலவசமாகக் கிடைக்கும் தாமதம். கொலையாளிக்கு ஒரு முழு ராத்திரி கையில் கிடைக்கிறது. அந்த ராத்திரியில் ஆய்வகத்தில் விளக்கு எரிந்ததை யார் பார்த்தார்?

ரப்பர் பால் வெட்டுபவர் பார்த்திருப்பார். கல்லூரி மதிலுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிழலுக்காக மட்டும் அதை வைத்திருக்கிறீர்கள் போல. ஊரே உறங்கும் நேரத்தில், விடிவதற்கு முன்பே, நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிற ஒரு மனிதரைத் துப்பறியும் கதைக்காரர் எப்படி விட்டுவைக்கலாம்! அதைவிட நல்லது, அவரைப் பொய் சாட்சியாக்குவது. 'விடியக்காலம் நாலு மணிக்குப் பால் வெட்டிக்கிட்டு நின்னேன், வேற யாரையும் பாக்கல' என்கிறார். ராத்திரி முழுக்க மழை. பட்டை நனைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள், பால் வழிந்து வீணாகும். மரத்தில் மழைக்குப் பிளாஸ்டிக் கட்டியிருந்தால் மட்டும் வெட்டலாம். துப்பறிவாளர் தோட்டத்துக்குப் போய் மரங்களைப் பார்க்கிறார். பிளாஸ்டிக் இல்லை. சிரட்டைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அவ்வளவுதான், ஒரு அதிகாரமும் தேவைப்படவில்லை. கதை தை, மாசியில் நடந்தால் இன்னும் எளிது: இலை உதிரும் காலம், பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்தியிருப்பார்கள்.

இதனால்தான் சென்னை ஆள் வேண்டாம் என்கிறேன். சென்னை ஆளுக்கு இது தெரியாது. நாகர்கோவிலில் மாடியறை ஆபீஸ் வைத்து, பெரும்பாலும் கல்யாண விசாரிப்பு செய்து பிழைக்கும் ஒருவரைப் போடுங்கள். நம் குமரி மாவட்டத்தின் நாள்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. திருநெல்வேலியில் அன்று கல்லூரி உண்டு. வெளிமாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் பழைய ரிஜிஸ்டரில் பொய்ப் பதிவு சேர்க்கும்போது, டிசம்பர் 3ஆம் தேதி ஆய்வகத்தில் அமிலம் வழங்கியதாக எழுதிவிடுகிறார். படிக்கிறவர் கண்முன்னாலேயே அந்தத் தேதியை 40ஆம் பக்கத்தில் வைத்துவிடலாம். குமரிக்காரர்களுக்கே 150ஆம் பக்கத்தில்தான் உறைக்கும். கதை நடக்கும் வருடத்தில் அது என்ன கிழமை என்று மட்டும் பாருங்கள். 2023இல் ஞாயிற்றுக்கிழமை, துப்பு பாழ்.

மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். மே மாதம் சின்னமுட்டத்திலிருந்து அப்பாவின் விசைப்படகில் கடலுக்குப் போனேன் என்று ஒரு மாணவன் சொன்னால், அவனைப் பிடிக்க லேப் எதற்கு?

பேச்சையும் விடாதீர்கள். 'சொன்னான்' என்பதை 'பறஞ்சான்' என்கிறவர் விளவங்கோடு பக்கம் என்று உங்களுக்கே தெரியும். மொட்டைக் கடிதத்தில் 'மரச்சீனி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மரவள்ளி' இருந்தால் எழுதியவர் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று சந்தேகிக்கலாம். ஆனால் இதை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், வித்தை காட்டுவது போல ஆகிவிடும்.

சிசிடிவி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வன்தட்டு நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும், அதனால் நாட்களை எண்ணி எழுதுங்கள். பென் டிரைவில் நகல் எடுத்தால் மட்டும் கோர்ட்டுக்கு ஆகாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும்.

இனி கடைசிக் காட்சி. கருத்தரங்கக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, துப்பறிவாளர் கொலையாளியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட, அவர் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறார். வாசலில் இன்ஸ்பெக்டர் கைதட்டுகிறார். இந்த வழக்கில் எதிர்த்தரப்புக்கு நான் ஆஜரானால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அடித்து வாங்கிய வாக்குமூலம் நிற்காது.

இங்கேதான் உங்கள் தம்பிக்கான பதில் இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது, அதே சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு. அதையே அவர் ஒரு தனி மனிதரிடம், யாரும் மிரட்டாமல், ஆசை காட்டாமல், தானாகச் சொல்லியிருந்தால் கோர்ட் ஏற்கலாம். பலவீனமான சாட்சியம்தான், வேறு ஆதாரங்களும் ஒத்துவருகிறதா என்று நீதிபதி பார்ப்பார். ஆனாலும் இன்ஸ்பெக்டர் காதில் விழுந்தால் செல்லாத ஒரு வார்த்தை, உங்கள் ஆளின் காதில் விழுந்தால் செல்லும். அவர் போலீஸ் இல்லை என்பதாலேயே!

அதனால் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். முதல்வர் அறையும் வேண்டாம். 'உண்மையைச் சொல், போலீசுக்குப் போக மாட்டோம்' என்று முதல்வர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆசை காட்டி வாங்கியது என்று வக்கீல் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், துப்பறிவாளரும் கொலையாளியும் நடக்கட்டும். துப்பறிவாளர் அதிகம் கேட்க வேண்டாம். பிளாஸ்டிக் கட்டாத ரப்பர் மரங்களைப் பற்றி மட்டும் பேசட்டும்.

அவரைப் பிடித்துவைக்கலாமா என்று ஒரு வரிக் குறிப்பில் கேட்டிருந்தீர்கள். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைச் செய்பவரையோ, கோர்ட் தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்தவரையோதான் தனி மனிதர் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். எப்போதோ நடந்த கொலைக்கு அது பொருந்தாது. ஆகவே உங்கள் கொலையாளி பேசி முடித்துவிட்டு, தன் பைக்கை எடுத்துக்கொண்டு கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் போகட்டும். பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர துப்பறிவாளரால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுப்பார், முதல் தடவை புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கையில் கிடைக்கும். இன்னும் முப்பது பக்கத்துக்கு இழுக்கலாம்.

கல்லூரிப் பெயர்: உண்மையானதை வைக்காதீர்கள். கொலையை மூடி மறைக்கும் நிர்வாகம் என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். நீங்கள் வேலை பார்க்கிற கல்லூரியை அடையாளம் காட்டும் மணிக்கூண்டு, வளைவு வாசல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கற்பனையாக ஒரு ஊரை வைத்து அதன் பெயரில் கல்லூரி நடத்துங்கள். அதற்கும் முன்னால் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுவது நல்லது. 'விளை' என்று முடியும் எந்தப் பெயரை நாம் யோசித்தாலும், கல்குளத்திலோ விளவங்கோட்டிலோ அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஊர் இருக்கிறது.