நாய் புல்லு தின்னா விடலாமா? கேட்டவங்களுக்கு என் பதில்

நாய் புல்லு தின்னுது, விடலாமா தடுக்கணுமான்னு நெறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் இன்னிக்கு உக்காந்து ஒவ்வொண்ணா பதில் போடறேன். நான் டாக்டர் கெடையாது, கால்நடைத்துறையில ஆய்வாளரா இருந்து ரிடையர்டு ஆனவன், ஊடு பாலக்கோடு பக்கம், எப்பவும் மூணு நாலு நாய் வாசல்ல இருக்கும். சீரியஸா இருந்தா என் பதிலுக்கு காத்திருக்காம கெளம்பிடுங்க.

தர்மபுரி டவுன்ல இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, எங்க லேப் (லேப்ரடார் நாய்) தெனமும் காலையில அருகம்புல்லு மேயுது. வயித்துல கோளாறு இருந்தாதான் தின்னும்னு மாமியார் சொல்றாங்க, நிஜமா?

நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கம்மா, எங்கம்மாவும் சொல்லுவாங்க. ஆனா அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ்ல இதுக்குன்னே நாய் வளக்கறவங்ககிட்ட கேட்டு 2008-ல ஒரு ஆய்வு போட்டாங்க. 1571 பேரு பதில்ல 68 சதவீதம் பேரு எங்க நாய் தெனமுமோ வாரத்துக்கு ஒருக்காவோ புல்லு செடி தின்னுதுன்னு சொன்னாங்க, தின்னறதுக்கு முன்னாடி அடிக்கடி சொணங்கி இருக்கும்னு சொன்னது வெறும் 8 சதவீதம், தின்னப்பறம் வழக்கமா வாந்தி எடுக்கும்னது 22 சதவீதம். அப்படின்னா பாதிக்கு மேல நாய்ங்க நல்லா இருக்கும்போதே தின்னுதுன்னு அர்த்தம். ஓநாய் சாணத்துலயே புல்லு கெடக்குமாம், இது பரம்பரையா வர்ற பழக்கம். உங்க லேப் நல்லா சாப்புட்டு வெளையாடிட்டு இருந்தா விடுங்க. திடீர்னு வெறி புடிச்ச மாதிரி கண்ட புல்லையும் முழுங்குது, சோறு வேணாங்குதுன்னா மட்டும் காட்டுங்க.

பென்னாகரம் பக்கம் ஒரு தம்பி: அண்ணே, மூணு மாச குட்டி, நேத்து புல்லு தின்னுச்சு. காலையில இருந்து அஞ்சு வாட்டி வாந்தி, பேதியும் போகுது, சுருண்டு படுத்துருக்கு. ஊசி எதுவும் போடல. வெளக்கெண்ணெய் குடுக்கலாமா?

எண்ணெய் வேணாம், பாலு வேணாம், உப்புத்தண்ணி வேணவே வேணாம் தம்பி. புல்லு மேல பழிய போட்டுட்டு உக்காராதீங்க, தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேந்து வந்தா மொதல்ல நெனைக்க வேண்டியது பார்வோங்கற வைரஸ் நோய். குட்டி உடம்புல இருக்கற தண்ணி ஒரே நாள்ல வத்திப்போயிடும். இப்பவே ஒரு சாக்கு மேல படுக்க வச்சு தூக்கிட்டு போங்க. மத்த நாய்ங்க கிட்ட விடாதீங்க. போயிட்டு வந்து எனக்கு சொல்லுங்க.

காவேரிப்பட்டினத்துல இருந்து ஒரு அக்கா: எங்களது மாந்தோப்பு. நாய் பூரா தோப்புலதான் சுத்தும், மரத்தடி புல்ல தின்னும். மருந்து அடிக்கற சமயத்துல என்ன பண்றது?

அக்கா, இன்னிக்கு வந்ததுலயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன். பச்சைப்புல்லால நாய் செத்து நான் பாத்ததில்ல, அது மேல இருக்கறதாலதான் சாவுது. தை மாசம் மா பூக்கறப்ப தத்துப்பூச்சிக்கு அடிக்கற மருந்து மரத்துல மட்டுமா நிக்குது, சொட்டு சொட்டா கீழ புல்லுலதான் எறங்குது. எங்க ஊட்ல மணின்னு ஒரு செவல நாய் இருந்துச்சு, எட்டு வருசம். பக்கத்து கொல்லையில மருந்து அடிச்ச அன்னிக்கு சாயங்காலம் வந்து எச்சிலு வடிச்சிட்டு நின்னுச்சு, புல்லா கக்குச்சு, நானும் சரி புல்லு தின்னுட்டு வாந்தி எடுக்குது, சரியாயிடும்னு விட்டுட்டேன். கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கி ஒடம்பு வெடவெடன்னு ஆடறப்பதான் எனக்கு வெளங்குச்சு. வண்டி புடிச்சு போறதுக்குள்ள மடியிலயே போயிடுச்சு. துறையில இருந்த எனக்கே அந்த ஒரு மணி நேரம் தவறிப்போச்சு, இன்னிக்கும் மனசு ஆறல, அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

மருந்து அடிக்கற நாளு நாய கட்டிப்போடுங்க, அப்பறம் கொறஞ்சது ரெண்டு வாரம் தோப்புல அவுத்து உடாதீங்க. மருந்து கலக்குன பக்கெட்டு, ட்ரம் தண்ணி, காலி டப்பா எதையும் வெளிய போடாதீங்க. டப்பாவுல ஒரு முக்கோணம் போட்டிருக்கும் பாருங்க, சிவப்பு இருந்தா அதுதான் ரொம்ப கொடூரம், அடுத்தது மஞ்சள், நீலம், பச்சைன்னு எறங்கும். சந்தேகம்னா அந்த டப்பாவ இல்ல லேபிள் போட்டோவ எடுத்துட்டு ஓடுங்க, ஏன்னா மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்துன்னா டாக்டர் அட்ரோபின் ஊசி போட்டு காப்பாத்த முடியும், வேற வகைன்னா வைத்தியமே வேற. நாய் மேல, கால்ல மருந்து பட்டிருந்தா சோப்பு தண்ணியில கழுவுங்க, கையில உறை போட்டுட்டு.

ஓசூர்ல இருந்து: சார், நாங்க அப்பார்ட்மென்ட். கீழ லான்ல களைக்கொல்லி அடிக்கறாங்க, அலங்கார செடியும் நெறைய. பயமா இருக்கு.

அசோசியேஷன்ல சொல்லி அடிக்கற தேதிய முன்னாடியே கேட்டு வாங்குங்க, அடிச்ச எடத்துல புதுப்புல்லு தழைக்கற வரைக்கும் போக வேணாம். செடியில அரளி, சைகஸ் (பனை மாதிரி ஓலை வச்ச அலங்கார செடி), ஆமணக்கு மூணையும் கண்ணுல வச்சுக்கோங்க. அரளி இதயத்தையும் சைகஸ் ஈரலையும் தாக்கும், ஆமணக்குல கொட்டைதான் வெசம். அதவிட சுலபமா ஒண்ணு சொல்றேன், ஒரு அகலமான தொட்டியில நம்ம கேழ்வரகு ஒரு கைப்பிடி தூவி பால்கனியில வைங்க. மருந்து கலந்த வெதை வேணாம், களிக்கு வாங்குற ராகியே போதும். பத்து பன்னெண்டு நாள்ல நாய்க்குன்னு சொந்தமா புல்லு ரெடி.

காரிமங்கலம் ஐயா ஒருத்தர்: காலையில எந்திரிச்சதும் புல்லு தின்னு மஞ்சளா நுரை கக்குது. அப்பறம் நல்லாத்தான் இருக்கு.

ராத்திரி எத்தன மணிக்கு சோறு வைக்கறீங்க ஐயா? ஏழு மணிக்கு வச்சா காலையில வரைக்கும் வயிறு காலி, பித்தம் ஏறி வர்றதுதான் அந்த மஞ்சள் நுரை. படுக்கறப்ப ஒரு சின்ன உருண்டை களியோ சோறோ குடுத்துப் பாருங்க, பெரும்பாலும் நின்னுடும். நிக்கலன்னா காட்டுங்க. ஆனா பெரிய சாதி நாய், வயிறு டம்முனு உப்பி, கக்க வர்ற மாதிரி வருது ஆனா ஒண்ணும் வெளிய வரலன்னா அது வேற, இரைப்பை முறுக்கிக்கிட்டிருக்கும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் டாக்டர எழுப்புங்க.

தேன்கனிக்கோட்டை தம்பி: கொல்லையில புல்லு தின்னுட்டு வந்ததுல இருந்து ஓயாம தும்மிட்டே இருக்கு, ஒரு பக்க மூக்குல லேசா ரத்தம்.

ஊசிப்புல்லு மூக்குல ஏறியிருக்கும்பா. நம்ம வேட்டியில குத்திக்குமே அதேதான், அதோட முள்ளு அமைப்பு எப்படின்னா முன்னாடி போகும், பின்னாடி வராது. நீங்களே குச்சி கிச்சி உட்டு எடுக்காதீங்க, இன்னும் உள்ள போயிடும். மயக்க ஊசி போட்டு டாக்டர்தான் எடுக்கணும். காஞ்ச புல்லு காலத்துல ஊட்டுக்கு வந்ததும் காது, விரல் இடுக்கு ரெண்டையும் தடவிப் பாருங்க.

ஊத்தங்கரை அக்கா: ஆய் போறப்ப நீளமா புல்லு தொங்குது, இழுக்கலாமா?

லேசா இழுத்து வழுக்கிட்டு வந்தா சரி, கொஞ்சம் புடிச்சாலும் உட்டுடுங்க. நூலு, கயிறா இருந்தா தொடவே வேணாம், கொடலையே அறுத்துடும்.

அதே அக்கா: வயித்துப்பூச்சி மருந்து எத்தன நாளைக்கு ஒருக்கா குடுக்கணும்?

மத்த நாய் போன எடத்துப் புல்லுல குடல் புழு முட்டை இருக்கும், அதனால புல்லு மேயற நாய்க்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா கண்டிப்பா, எடை போட்டு அதுக்கு தகுந்த அளவு. உண்ணியையும் உடாதீங்க, உண்ணிக்காய்ச்சல்ல நம்ம பக்கம் நாய்ங்க நெறைய போகுது.

பென்னாகரம் தம்பி திரும்ப: அண்ணே, பார்வோதான். டெஸ்ட்ல காட்டிடுச்சு. டிரிப்ஸ் போகுது, இப்ப தலைய தூக்கி பாக்குது. ஊட்ல இன்னொரு நாய் இருக்கு, வாசல் கழுவ பினாயில் போதுமா?

தலைய தூக்குதா, மனசுக்கு ஆறுதலா இருக்கு தம்பி. ஆனா டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் டிரிப்ஸ நிறுத்தாதீங்க, ஒரு நாள் தெம்பா இருந்துட்டு மறுநாள் படுத்துக்கற குட்டியும் உண்டு. பார்வோவுக்கு பினாயில நம்ப முடியாது. ப்ளீச் லிக்விட் ஒரு பங்குக்கு தண்ணி முப்பது பங்கு கலந்து, சிமெண்ட் தரையில ஊத்தி பத்து நிமிசம் ஊறவச்சு கழுவுங்க, தட்டு, சங்கிலி எல்லாத்தையும் அதுலயே போடுங்க. மண்ணுல ப்ளீச் வேலை செய்யாது, அங்க கிருமி மாசக்கணக்கா உசுரோட இருக்கும், அதனால ஒரு வருசத்துக்கு ஊசி போடாத குட்டி எதையும் அந்த வாசல்ல எறக்காதீங்க. இன்னொரு நாய்க்கு எத்தன வயசு, ஊசி எப்ப போட்டதுன்னு உடனே எழுதுங்க, நான் இங்கதான் இருக்கேன்.