சாட்சிக் கையெழுத்து

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். வீட்டில் வக்கீல் யாரும் கிடையாது, ஆங்கிலமும் திக்கும். சட்டம் படிப்பவன் என்னென்ன திறமைகளை வளர்த்துக்கொள்ள வேண்டும்? போன மாதம் மூட் கோர்ட் (மாதிரி வழக்காடல்) பயிற்சிக்குக்கூடப் போக முடியவில்லை. தாத்தா வயலுக்குப் பட்டா மாற்ற, அப்பாவின் அக்கா பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட வந்தார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அப்பா என்னைக் கூப்பிட்டுவிட்டார். பத்திரத்தை வாசிக்கவும் நேரமில்லை. “நீதான் கூட நிக்கெல்லா, எனக்கு என்னய்யா பயம்” என்று அத்தை சொன்னது பெருமையாக இருந்தது.

பதில்: தம்பி, மூட் கோர்ட் கிடக்கட்டும். நீ சாட்சி போட்டது என்ன பத்திரம்?

பட்டா மாற்றுவது தாலுகா ஆபீஸ் சமாச்சாரம். அதற்கு உன் அத்தை சார்பதிவாளர் முன்னால் போய் ரேகை வைப்பானேன்? கூடப்பிறந்தவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனால் அது பெரும்பாலும், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும். இந்தக் கதை எனக்கு நிறைய வரும். எழுதுவது எப்போதும் அத்தைமார், வருடங்கள் கழித்து. சாட்சி போட்டவனே எழுதுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

உள்ளே எழுதியிருப்பது சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று நீ சட்டம் பேசலாம். சரிதான். அத்தைக்கு அந்தச் சட்டமா தெரியும்? வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளை பக்கத்தில் நிற்கிறான் என்று நம்பிக் கையை நீட்டியிருக்கிறார்.

நீ கேட்கிற திறமையில் பாதிக்கு அன்றைக்கே வேலை இருந்தது. கைக்கு வந்த காகிதத்தை முழுக்க வாசிக்க வேண்டும். வாசித்ததும் கேட்க வேண்டும்: வயல் தாத்தா சம்பாதித்ததா, பூர்வீகமா? உயில் உண்டா? சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை என்றால் 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பூர்வீகம் என்றால், மகளுக்கும் பங்கு தர 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அதற்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை போனது. பரீட்சையில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய். வீட்டில் வந்தபோது பேனா மூடியைத்தான் திறந்தாய்.

அப்புறம், “ஷை சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியதைகளையும் விடுதலை செய்து” என்று பத்திரத்தில் இருப்பதை, “அத்தை, இதுக்கப்புறம் வயல்ல உங்களுக்கு ஒண்ணும் கிடையாது” என்று சொல்லத் தெரிய வேண்டும். இதைவிடப் பெரிய வித்தை எந்தச் சட்டக் கல்லூரியிலும் இல்லை என்பது என் கட்சி. ஆங்கிலமா? ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனால் வேண்டியிருக்கும். தினம் ஒரு தீர்ப்பைச் சத்தமாக வாசி, வந்துவிடும். அம்பாசமுத்திரம் கோர்ட்டில் சாட்சியை நீ தமிழில்தான் விசாரிக்கப் போகிறாய்.

அப்பா சொல்லைத் தட்டக்கூடாது என்று வளர்ந்திருப்பாய். நல்ல வளர்ப்புதான். ஆனால் அக்கா பங்கை அவருக்கே தெரியாமல் எழுதி வாங்குகிற அப்பாவைக் கையைப் பிடித்து நிறுத்துகிற கடமையும் மகனுக்குத்தான். வருடா வருடம் பொங்கப்படி கொடுத்துவிட்டால் பங்குக் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற ஆம்பளைகளை எனக்குப் பிடிக்காது. அதில் உன் அப்பா உண்டா இல்லையா என்பது பத்திரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சார்பதிவாளர் ஆபீசில் மனுப் போட்டு நகல் வாங்கு. அப்பாவிடம் சொல்லிவிட்டே அத்தை வீட்டுக்குப் போ, ஒளித்துப் போகாதே. வரி வரியாக வாசித்துக் காட்டு. “தெரிஞ்சுதான் தம்பிக்குக் கொடுத்தேன்” என்றால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பு. தெரியாது என்றால், ஏமாந்து போட்ட பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடுவதற்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு என்பதையும் அவரிடம் சொல். நீ வாசித்துக் காட்டுகிற தேதியை நோட்டில் குறித்து வை. வழக்கென்று வந்தால் உன்னையும் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள்.