ஃப்ளூ வந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளுமா?

கேள்வி: கோழி ரத்தத்தில் ஃப்ளூ வைரஸைக் கலந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்கிறாள், மைக்ரோபயாலஜி படிக்கும் என் மகள். அப்படியென்றால் ஃப்ளூ வந்தவர் உடம்பிலும் ரத்தம் கட்டிக்கொள்ளாதா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கட்டிக்கொள்ளாதும்மா, பயப்படாதீர்கள். ஃப்ளூ வைரஸ் பெரும்பாலும் மூச்சுப்பாதையோடு நின்றுவிடும். ரத்தத்தில் அவ்வளவாக இறங்காது.

மகள் சொல்வதும் சரிதான். ஹெப்பாலில் ஒரு கால்நடை ஆய்வகத்தில் ஓய்வு பெறும்வரை எனக்கு இதே வேலை. கோழியின் இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து, உப்புக்கரைசலில் கழுவி, தட்டின் குழிகளில் வைரஸோடு சேர்த்துவிட்டு அரை மணி காத்திருப்போம். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் அடியில் இறங்கிச் சிவப்புப் பொட்டாகக் குவியும். இருந்தால், பின்னிப் பரவி அப்படியே நிற்கும். தட்டைச் சாய்த்தால் பொட்டு வழியும், மற்றது அசையாது. மைக்ரோஸ்கோப்பே வேண்டாம்.

வைரஸ் தேடுவது சிவப்பணுவை அல்ல. செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் உள்ள சியாலிக் அமிலத்தை. அது நம் தொண்டைச் செல்லிலும் உண்டு, சிவப்பணுவிலும் உண்டு. வைரஸின் ஹீமக்ளூட்டினின் புரதம் அதைப் பிடிக்கும். ஒவ்வொரு பிடியும் தளர்வானது. ஆனால் ஒரு வைரஸில் இவை நூற்றுக்கணக்கில் இருப்பதால் இரண்டு அணுக்களை ஒருசேர இழுத்துப் பிடித்துவிடும். பிடித்து என்ன பயன்? ஃப்ளூ வைரஸ் பெருக செல்லின் உட்கரு வேண்டும். மனிதச் சிவப்பணுவில் அது கிடையாது.

1941-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர், வைரஸ் ஏற்றிய கோழிக்கருவின் திரவத்தில் ரத்தம் கசிந்தபோது சிவப்பணுக்கள் இப்படி ஒட்டுவதைக் கவனித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் அடுத்துக் கண்டது. 37 டிகிரியில் வைத்தால் ஒட்டிய அணுக்கள் தானே பிரியும்! அதே வைரஸைப் புதிதாகச் சேர்த்தாலும் அந்த அணுக்கள் மறுபடி ஒட்டாது. பிரிந்த வைரஸோ வேறு புது அணுக்களை ஒட்டவைக்கும். காரணம், வைரஸிடமே உள்ள நியூராமினிடேஸ் நொதி; சியாலிக் அமிலத்தை அது வெட்டிவிடுகிறது. டாக்டர் எழுதித் தரும் ஓசெல்டாமிவிர் மாத்திரை இந்த நொதியைத்தான் முடக்குகிறது. அப்போது புதிதாகப் பிறந்த வைரஸ் செல்லை விட்டு வெளியேற முடியாமல் அங்கேயே ஒட்டிக் கிடக்கும்.

அப்புறம், மகளிடம் சொல்லுங்கள்: இப்போது சுற்றும் எச்3என்2 என்ற வகை ஃப்ளூ வைரஸ்கள் பல, கோழி ரத்தத்தைச் சட்டையே செய்வதில்லை. கினிப்பன்றி ரத்தம் எடுக்கவேண்டும். அதற்கு அரை மணி போதாது, ஒரு மணி நேரம் விடவேண்டும்.