பைக்கில் பொலன்னறுவை, ஜீப்பில் யானைக் கூட்டம்: காசு கட்ட முன் கேட்க வேண்டியவை

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்): ஆகஸ்டில் டொரன்டோவிலிருந்து மச்சான் வருகிறார். அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா மூன்றையும் பைக்கில் சுற்றி, இடையில் ஒரு சஃபாரியும் போக நான்கு பேராகத் திட்டம் போட்டிருக்கிறோம். இரண்டு பேரிடம் சொந்த பைக் இருக்கிறது, இன்னும் இரண்டு வாடகைக்கு வேண்டும். கொழும்பில் ஒரு கடைக்காரர் பைக், நுழைவுச்சீட்டு, சஃபாரி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரே விலை என்கிறார். மச்சானின் கடவுச்சீட்டைப் பிணையாக வைக்கவும் கேட்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். பைக்கை மட்டும் அவரிடம் எடுங்கள், மற்றதையெல்லாம் அந்தந்த இடத்தில் நீங்களே வாங்குங்கள்.

காரணம் அந்த "ஆளுக்கு ஒரே விலை"யில்தான் இருக்கிறது. மத்திய கலாசார நிதியத்தின் கீழுள்ள இடங்களிலும் தேசிய பூங்காக்களிலும் எல்லோருக்கும் ஒரே கட்டணம் இல்லை. இலங்கையருக்கு மிகக் குறைவு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு, சார்க் நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு வெளிநாட்டவரை விடக் குறைவு. உங்கள் நால்வரில் மூன்று பேர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். வெளிநாட்டுக் கட்டணம் வருவது மச்சான் ஒருவருக்குத்தான். அப்படியிருக்க ஆளுக்கு ஒரே விலை என்றால், மூன்று பேர் தலையிலும் இல்லாத செலவு ஒன்று ஏறியிருக்கலாம். "நுழைவுச்சீட்டுக்கு எவ்வளவு, ஜீப்புக்கு எவ்வளவு, பைக்குக்கு எவ்வளவு, தனித்தனியாக எழுதித் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எழுதித் தந்தால் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மச்சானுக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடவுச்சீட்டை யாரிடமும் பிணையாக விட வேண்டாம். தங்குமிடத்தில் கேட்பார்கள், வழியில் பொலிஸார் மறித்தாலும் கேட்பார்கள். பிணக்கு ஒன்று வந்தால் கடவுச்சீட்டு கடைக்காரரின் மேசை லாச்சிக்குள் இருக்கும், நீங்கள் அவர் சொன்ன தொகையைக் கட்ட வேண்டிவரும். பிரதி கொடுங்கள், பிணைப்பணம் கொடுங்கள், அதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடையாள அட்டைக்கும் இதே பேச்சுத்தான்.

இனி பைக். இங்கே அவசரப்படக் கூடாது. எடுக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் வெயிலில் தகிக்கும் தார் ரோட்டில் இருநூறு கிலோமீட்டர் போகப்போகிற டயர் அது. முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்று சத்தம் வந்தால் அங்கே தளர்வு இருக்கிறது. செயினை விரலால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள், இரண்டு மூன்று சென்ரிமீட்டர் ஆடுவது சாதாரணம். அதற்கு மேல் தொங்கினால் உங்கள் கண் முன்னாலேயே இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் வீடியோ. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் நானும் பைக் எடுத்தேன். எடுக்கும்போது இரண்டு பக்கமும் படம் பிடித்தேன், சைலன்சரின் அடிப்பக்கத்தைப் பிடிக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது கடைக்காரர் குந்தியிருந்து அந்த அடிப்பக்கத்தைத்தான் முதலில் தடவினார். அங்கே ஒரு பழைய கீறல், ஓரத்தில் துரு வேறு ஏறியிருந்தது. நேற்று விழுந்த கீறலில் எப்படித் துரு ஏறும் என்று கேட்டேன். பதில் இல்லை, ஆனால் பிணைப்பணத்தில் பாதி வரவில்லை. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: கடைக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி, பைக்கைச் சுற்றிவந்து, குனிந்து அடிப்பக்கத்தையும் சேர்த்து ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். கிலோமீட்டர் மீற்றரையும் பெற்றோல் அளவையும் காட்டுங்கள். அதை அங்கேயே நின்று அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள், திகதியும் நேரமும் தானாகப் பதிவாகும்.

பத்திரங்களில் வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகவில்லையா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் பார்க்காமல் விடுவது காப்புறுதி. வாகனம் எந்தப் பாவனைக்கு என்று காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும். தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் என்று இருக்கிற பைக்கை வாடகைக்கு விட்டு, அந்த நேரத்தில் விபத்து நடந்தால், கம்பனி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் நீங்கள் ஓட்டும் பைக்கின் சேதத்துக்கு ஒரு சதமும் வராது. விபத்தானால் யார் எவ்வளவு கட்டுவது என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேட்டு, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்நூறு ரூபா குறைத்துக் கேட்பதை விட இந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய மிச்சம்.

வழியைப் பற்றிக் கொஞ்சம். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே கட்டுநாயக்க வரை பறந்துவிடலாம் என்ற கணக்கில் நேரம் போடாதீர்கள். பழைய நீர்கொழும்பு வீதியால் சிலாபம், புத்தளம் போய் அநுராதபுரம் ஏற ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விடியப் புறப்பட்டால் சிலாபத்தில் முன்னேஸ்வரத்தைக் கும்பிட்டுவிட்டு வெயில் ஏறுமுன் புத்தளம் தாண்டலாம். 150 சிசி பைக் தாராளமாகப் போதும். முழுக்கச் சமதரை, மலை ஏற்றம் கிடையாது.

பொலன்னறுவைக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். பக்கேஜ்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் காட்டி முடித்துவிடுவார்கள், கல்லில் செதுக்கிய புத்தர் சிலைகள் இருக்கும் கல்விகாரையோடு சரி. சோழர் காலத்தில் இந்த ஊர் சனநாதமங்கலம். இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை போட்டிருக்கும் கற்கோயில் வானவன்மாதேவி ஈஸ்வரம், இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது. கருவறையில் இப்போதும் லிங்கம் இருக்கிறது. புத்தரின் புனித தந்தத்தைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் (தமிழ்க் கூலிப்படையினர்) பொறித்த 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பழைய தந்தக் கோயிலான அட்டதாகேக்குப் பக்கத்தில் நிற்கிறது. மதிய வெயிலில் எழுத்து தெரியாது. காலையோ மாலையோ சரிந்த வெளிச்சத்தில் போங்கள், ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணுக்கு வரும். சொந்த பைக்கில் போவதன் பலனே நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்தில் நிற்கலாம் என்பதுதான், அந்தப் பலனை வேறொருவரின் நேர அட்டவணைக்கு விற்றுவிடாதீர்கள். பைக்கில் ஒரு சோடி தடித்த காலுறை வைத்திருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் நடுப்பகல் கல் பாதத்தைச் சுட்டுவிடும்.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து): ஹபரணையில் ஒரு ஜீப்காரரிடம் மின்னேரியாவுக்கு விலை பேசி ஏறினோம். பூங்கா வாசலுக்குப் போனதும் "டிக்கெட் தனி" என்று இன்னொரு தொகை கேட்டார்கள். உள்ளே போனால் யானைகள் குறைவு. "இன்று எல்லாம் கவுடுல்லவில்தான்" என்று சாரதி அப்போதுதான் சொன்னார். ஏமாற்றப்பட்டோமா? முறையிட முடியுமா?

பதில்: டிக்கெட் தனி என்பது ஏமாற்று இல்லை. ஜீப் தனியாருடையது, பூங்கா வனஜீவராசிகள் திணைக்களத்துடையது. வாசலில் ஆளுக்கு நுழைவுக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று சேர்த்து வாங்குவார்கள், வெளிநாட்டவர் இருந்தால் சேவைக் கட்டணமும் வரும். அந்தப் பற்றுச்சீட்டை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள், தலை எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். பைக்கில் வந்தவர்கள் ஜீப் எடுத்தே ஆக வேண்டும், பூங்காவுக்குள் மோட்டார் சைக்கிள் விடமாட்டார்கள்.

ஆனால் டிக்கெட் தனி என்பதை ஏறுவதற்கு முன் சொல்லாமல் விட்டது தவறு. யானைகள் எங்கே நிற்கின்றன என்று தெரிந்தும் சொல்லாமல் கூட்டிப் போயிருந்தால் அது அதை விடப் பெரிய தவறு. மின்னேரியக் குளம் மகாசேன மன்னன் கட்டியது, அநுராதபுரத்தின் ஜேதவனாராமத்தை எழுப்பிய அதே மன்னன். வறட்சியில் குளத்து நீர் இறங்க இறங்க அடியில் பச்சைப் புல் முளைக்கிறது, அதைத் தேடித்தான் ஜூலையிலிருந்து யானைகள் கூடுகின்றன, ஆகஸ்ட், செப்டெம்பரில் உச்சம். மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிட்டுக் குளம் நிரம்பினால் புல் மூழ்கிவிடும். யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்ல பூங்காவுக்கோ ஹுருலு காட்டுப் பக்கமோ நகர்ந்துவிடும். மூன்று இடங்களுக்கும் ஓடும் ஜீப் சாரதிகள் இதைக் கைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பூங்காவின் டிக்கெட் இன்னொன்றுக்குச் செல்லாது. ஆகவே அடுத்த முறை பூங்காவின் பெயரைச் சொல்லி விலை பேசாதீர்கள். "இன்று யானை எங்கே நிற்கிறது, அங்கே போக ஜீப்புக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், டிக்கெட் சேர்த்தா சேராமலா" என்று ஒரே மூச்சில் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்யலாம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் இலக்கம் 1912, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி சேவை குறித்த முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களிடம் பேசிய தொகைக்கு எந்த எழுத்தும் இல்லை என்றால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இருந்தாலும் எழுதுங்கள். அதே ஜீப் பற்றி இன்னொருவர் எழுதும்போது உங்கள் கடிதம் கோப்பில் இருக்கும்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். சஃபாரி முடிந்து வெளியே வரும்போது மாலை ஆறு மணியாகிவிடும். அந்த இருட்டில் ஹபரணை–பொலன்னறுவை வீதியில் பைக்கை எடுக்க வேண்டாம். யானை வீதியைக் கடக்கும் நேரம் அது. கறுத்த இருட்டில் நிற்கும் யானை பைக் வெளிச்சத்துக்கு மிகக் கிட்டத்தில்தான் தெரியும். அன்றிரவு ஹபரணையிலேயே தங்குங்கள், அறைச் செலவைச் சஃபாரியின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

கேள்வி (தெஹிவளையிலிருந்து): கனடாவில் கார் ஓட்டும் அண்ணாவுக்கு சர்வதேச அனுமதிப்பத்திரம் இருக்கிறது. இங்கே வாடகை பைக் ஓட்டலாமா? கடைக்காரர் பிரச்சினை இல்லை என்கிறார்.

பதில்: கடைக்காரருக்குப் பிரச்சினை இல்லைதான், ஓட்டுபவருக்குத்தான் பிரச்சினை. ஒன்டாரியோவில் காருக்கு ஜி, மோட்டார் சைக்கிளுக்கு எம் என்று வகுப்பே வேறு. சர்வதேசப் பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்புக்கு முத்திரை இல்லை என்றால் அது பைக்குக்குச் செல்லாது, காப்புறுதியும் கைவிடும். வகுப்பு இருந்தால், கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷனில் அதற்கு ஒப்புதல் பெற வேண்டும், அல்லது வெரஹெரவில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணா பின்னால் அமர்ந்து வரட்டும். உள்ளூர்க்காரர்களும் கவனியுங்கள்: ஏ1 வகுப்பு 100 சிசி வரைதான், 150 சிசி ஓட்ட ஏ வேண்டும்.

கேள்வி (மட்டக்குளியிலிருந்து): நீண்ட பயணத்துக்கு ஹெல்மெட் வாங்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கலாமா?

பதில்: இடம் பஞ்சிகாவத்தையா என்பதில் ஒன்றுமில்லை, எஸ்எல்எஸ் (இலங்கைத் தரச் சான்று) இலச்சினை இருக்கிறதா என்று பாருங்கள். முகம் முழுதும் மூடுவதை எடுங்கள். போட்டு, பட்டியைப் பூட்டி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள். தலையை விட்டுக் கழன்றுவந்தால் அளவு பெரிது. கன்னத்தை மெதுவாக அழுத்த வேண்டும், நெற்றியை நோகடிக்கக் கூடாது. பத்து நிமிடமாவது கடையிலேயே போட்டுக்கொண்டு நில்லுங்கள், நோவு அதற்குப் பிறகுதான் தெரியும். பாவித்த ஹெல்மெட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்டு உள்ளே நுரை நசுங்கியிருந்தால் வெளியே ஒரு கோடு கூடத் தெரியாது.

கேள்வி (பம்பலப்பிட்டியிலிருந்து): செப்டெம்பர் நடுவில் யாலவுக்கு சஃபாரி பக்கேஜ் ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிட்டேன். பூங்கா மூடியிருக்கும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: நண்பர் சொன்னது சரி. எல்லோரும் போகும் முதலாம் வலயத்தை வறட்சிக்காக வழக்கமாக செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடுவார்கள். உங்களுக்கு விற்றது எந்த வலயம் என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். முதலாம் வலயம் என்றால், மூடும் காலம் தெரிந்தே விற்றிருக்கிறார்கள், முழு முற்பணத்தையும் திரும்பக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. வேறு வலயம் என்று மாற்றிச் சொன்னால், விளம்பரத்தில் என்ன இருந்தது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். விடுமுறை நாளை மாற்ற முடியாவிட்டால் உடவளவைக்குப் போங்கள். அங்கே வருடம் முழுக்க யானைகள் உண்டு.